நாய் கவ்விய சொறித்தவளை

என் மனைவி பாகூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் விலங்கியல் டீச்சர். எனக்கு நெல்லும் கரும்பும்தான் தெரியும். மழைக்காலத்தில் மோட்டார் கொட்டகையைச் சுற்றிச் சொறித்தவளைகள் கூடிக் கத்தினால் போதும், எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவாள். பெட்டையைக் கூப்பிட ஒரு குரலாம். அவசரத்தில் ஓர் ஆண் இன்னோர் ஆணின் முதுகில் ஏறிவிட்டால், கீழே மாட்டிக்கொண்டவன் "கிக் கிக்" என்று வேறு குரல் கொடுப்பானாம். ஆள் மாறிப்போச்சு, இறங்கு என்று அர்த்தமாம். மேலே இருப்பவனும் இறங்கிவிடுவானாம். "நம்ம வூட்ல நான் எவ்ளோ கத்தினாலும் யாரும் வுட மாட்றாங்களே" என்பேன். டீச்சர் சிரிக்கமாட்டாள்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம், எங்கள் நாய் வீட்டுப் பின்பக்கமிருந்து தள்ளாடிக்கொண்டு வந்தது. வாயெல்லாம் நுரை. தலையை உதறுகிறது, மூஞ்சியைத் தரையில் தேய்க்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"வெறி புடிச்சிருக்குபா. யாரையாச்சும் கடிக்கறதுக்குள்ள அடிச்சிப் போட்டுடு."

கையில் கட்டை வேறு வைத்திருந்தார். கரும்பு வெட்டும்போது பாம்பு வந்தால்கூட அசராத ஆள் என்று ஊரில் எனக்குப் பெயர். அன்றைக்கு நாயைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதேன்.

என் மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். "வெறியும் இல்ல, ஒண்ணும் இல்ல. சொறித்தவளயக் கவ்வி இருக்குது. அதுக்குக் கண்ணுக்குப் பின்னால மேடா இருக்கும் பாருங்க, அத கடிச்சா பால் மாரி வெஷம் வரும். தவளயும் கத்திதான் பாத்திருக்கும், நாய்க்கு அந்த பாஷ புரியல. மோட்டாரப் போடுங்க."

தாடையைப் பிடித்துத் தலையைக் கீழே சாய்த்து, ஓஸ் தண்ணீரை வாய்க்குள் ஓடவிட்டு, ஈறையெல்லாம் விரலால் வழித்தாள். கொஞ்ச நேரத்தில் நுரை நின்றது. நாய் அவள் காலடியிலேயே படுத்துக்கொண்டது. கட்டைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

மறுநாள் காலை, பள்ளிக்குப் போகும் வழியில் வண்டியை ஆஸ்பத்திரிக்குத் திருப்பச் சொன்னாள். நேராகப் போய் நாய்க்கடி ஊசி வரிசையில் நின்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இன்னா ஆச்சி?"

"விரல்ல பல்லு பட்டுடுச்சி."

"சொறித்தவளதான்னு சொன்னியே. கண்ணால பாத்தியா?"

"எங்க பாத்தேன்? நீங்க அழுதுனு இருந்தீங்க. வேற இன்னா சொல்றது?"