செம்புப் பூச்சும் கோமதியின் கோபமும்

குர்லாவில் வண்டி மாறி செம்பூருக்குப் போய்க்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. எங்கள் பழைய ஆய்வகத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே வரி: "கோமதி செல்வராஜ் இன்று காலை மருத்துவமனையில் காலமானார்." கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். சற்று நேரத்தில் நிறுவனத்தின் முதலாளியும் எழுதினார்: "எங்கள் குடும்பத்தின் தூண் சாய்ந்துவிட்டது." அந்தத் தூணைப் பிடுங்கி வாசலுக்கு வெளியே போட்டது யாரென்று அந்தக் குழுவில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இதை எழுதும் இந்த நேரம்வரை அது தணியவில்லை.

அவளை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோமதி தாராவியில் பிறந்து வளர்ந்தவள். பெற்றோர் திருநெல்வேலிப் பக்கம். நுண்ணுயிரியல் படித்தாள். நான் மாட்டுங்காக்காரி, படித்தது வேதியியல். செம்பூரில் அந்தச் சிறிய நிறுவனத்தில் எங்கள் மேஜைகள் அடுத்தடுத்து இருந்தன. செம்பை நானோ துகள்களாக்கி, பிசினில் கலந்து, கதவிலும் கைப்பிடியிலும் அடிக்கிற பூச்சைத் தயாரிப்பது என் வேலை. அதன்மேல் விழுந்த கிருமி உண்மையிலேயே சாகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. தகடு தேறவில்லையென்றால் என் மேஜைக்கு வந்து, "மைதிலி, ஒன் செம்பு தூங்கிட்டு" என்பாள். அதற்குமேல் ஆறுதல் சொல்ல மாட்டாள்.

பெருந்தொற்றுக் காலத்தில் ஒருநாள் பூச்சு முதன்முறையாக முழுவதும் தேறியது. பூசிய எஃகுத் தகட்டில் கோமதி விட்ட பாக்டீரியா ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. முதலாளி இனிப்பு வாங்கி வரச் செய்தார். எல்லோரும் முகக்கவசத்தை இறக்கிவிட்டு மோதிசூர் லட்டு தின்றோம். கோமதி மட்டும் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதுத் தகட்டுல எல்லாம் சாவும்ட்டி. எங்க ஏரியா கக்கூஸ் கதவு புதுத் தகடா?"

மறுநாள் தாராவியின் பொதுக் கழிப்பறையிலிருந்து பினாயிலும், துப்புரவுப் பெண்கள் கதவு துடைக்கும் முரட்டுத் துணியும் கொண்டுவந்தாள். பூசிய தகடுகளை அந்தப் பெண்கள் துடைப்பதுபோலவே அழுத்தித் துடைத்தாள். கைவியர்வைக்கு ஈடாக உப்பும் எண்ணெயும் தடவி மறுபடி துடைத்தாள். அதன்பிறகு சோதித்தால் பாக்டீரியா ஜம்மென்று வளர்ந்திருந்தது. பிசின் பிடிக்கவில்லை, துணியோடு செம்பும் போய்விட்டது. கோமதி பூச்சுக்கு எதிரி என்று பிற்பாடு பரப்பினார்கள். பச்சைப் பொய். வேறு பிசின் தேடி என்னோடு மாதக்கணக்கில் உட்கார்ந்தவள் அவள்தான். சூளையில் வைத்துச் சுட்டால் பிடித்துக்கொள்ளும் பூச்சு ஒன்று எங்களுக்குக் கிடைத்தது, துடைத்தாலும் தாங்கியது. ஆனால் ஏற்கெனவே மாட்டியிருக்கும் கதவைக் கழற்றிச் சூளையில் வைக்க முடியாது. நிறுவனத்துக்கு வேண்டியது, போகிற போக்கில் அடித்துவிட்டு ஸ்டிக்கர் ஒட்டுகிற பூச்சு.

பூச்சை விற்பனைக்கு அனுப்ப முடிவெடுத்த கூட்டத்தில் அவள் எழுந்ததும் முதலாளி கையமர்த்தினார். "மேடம், இப்ப ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை, பரோசா வேணும்."

"பரோசா கொடுங்க சார், வேண்டாம்னு சொல்லல. ஆனா ஸ்டிக்கர்ல மூணு மாசப் பாதுகாப்புன்னு போட்டிருக்கீங்க. அத நம்பி ஒருத்தி கை கழுவாமப் போனா, அவ பிள்ளைக்கு யாரு பொறுப்பு?"

முதலாளி அடுத்த விஷயத்துக்குப் போனார். அவள் கேட்டதைவிட மோசமாகவே நடந்தது. பூச்சு அடித்த தாராவிக் கழிப்பறைகளில் துடைப்பு வேலையைப் பாதியாகக் குறைத்தார்கள். கிருமியைப் பூச்சே கொன்றுவிடுமாம், பினாயில் எதற்கு? கோமதி காலையில் வேலைக்கு வருமுன் அந்தக் கழிப்பறை வரிசைகளுக்குப் போய், "ஸ்டிக்கரப் பாத்து ஏமாறாதீங்க, சோப்பு போட்டுக் கழுவுங்க" என்று அவர்கள் பேச்சிலேயே சொன்னாள். சிறுவயதில் அதே வரிசையில் வாளியோடு நின்றவள். யாரோ அதைப் படமெடுத்து முதலாளிக்கு அனுப்பினார்கள். அந்த வாரமே வேலை போயிற்று. 'மறுசீரமைப்பு' என்று அதற்கு ஒரு நல்ல பெயர் வைத்தார்கள். நான் ராஜினாமா எழுதப் போனபோது கோமதிதான் தடுத்தாள். "நீயும் போயிட்டா அங்க உண்மை சொல்ல ஆளில்ல. இரு." இருந்தேன். சொன்னேன். அடுத்த மழைக்காலத்துக்குள் என்னையும் அனுப்பினார்கள்.

பிறகு அவள் செம்பூரிலேயே ஒரு நோயறி ஆய்வகத்தில் சேர்ந்தாள். நோயாளிகளின் ரத்தத்தில் வளரும் கிருமி எது, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று கண்டு சொல்லும் வேலை. எந்த மருந்துக்கும் அடங்காதவை கூடிக்கொண்டே போகின்றன என்று போனில் பொருமுவாள். "நாம பூச்சு பூச்சுன்னு கத்துறோம், கிருமி சிரிக்குட்டி."

பித்தப்பைக் கல்லுக்காகத்தான் மருத்துவமனையில் சேர்ந்தாள். சாதாரண அறுவை சிகிச்சை. மறுநாள் நான் பார்க்கப் போனபோது நன்றாகத்தான் பேசினாள். கட்டிலின் பக்கக் கம்பியைக் காட்டி, "இங்கயும் வந்துட்டான் பாரு" என்றாள். 'நானோ பூச்சால் பாதுகாக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர். வேறு நிறுவனத்துடையது. கம்பியில் பிசுபிசுப்பு அப்படியே இருந்தது. ஒரு செவிலிப் பெண் பக்கத்துக் கட்டிலிலிருந்து நேராக இவளிடம் ஓடிவந்தாள். "பேட்டி, பஹலே ஹாத்", முதலில் கை, என்று கோமதி சொன்னதும் அந்தப் பெண் வெட்கப்பட்டுக் கைகழுவப் போனாள். நான் முகம் சுளித்தேன்.

"அந்தப் பிள்ளைய ஏன் முறைக்க? வார்டு முழுக்க அவ ஒருத்திதான். இப்படி விட்டவன்ட்ட மொறைச்சுக் காட்டு."

அதற்கு மறுநாள் காய்ச்சல் வந்தது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. ஆய்வு முடிவு வந்ததும் என்ன கிருமி என்று கணவர் செல்வராஜிடம் கேட்டாளாம். அவர் எழுத்துக்கூட்டிப் பெயரைப் படித்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பெயரின் பொருளை அந்த அறையில் அவளைவிட நன்றாக யார் அறிவார்? பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவு. அதன்பிறகு அந்த ஒரு வரிச் செய்தி.

அந்த ஸ்டிக்கர்தான் அவளைக் கொன்றது என்று நான் எழுத மாட்டேன். அதற்கு என்னிடம் ஆதாரமில்லை. ஆதாரமில்லாமல் எழுதினால் முதலில் சண்டைக்கு வருபவள் அவளாகத்தான் இருப்பாள். ஆனால் ஆதாரம் தேடுவதற்கே யாருக்கும் மனமில்லையே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "சமயத்துல இப்படி ஆகும்" என்று செல்வராஜிடம் சொல்லி, ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு உடலைக் கொடுத்தார்கள். ஒரு மனுஷி செத்ததற்குக் காரணம் 'சமயம்'!

காரியங்கள் முடிந்ததும் செல்வராஜ் என் வீட்டுக்கு வந்தார். தாராவியில் தோல்பைக் கடை வைத்திருப்பவர், அதிகம் பேசாதவர். "அவ இருந்தா கேட்டிருப்பா. எனக்கு அங்க என்ன கேக்கணும்னே தெரியல. நீங்க வாரீங்களா?" என்றார்.

மருத்துவமனைக்குப் போனோம். குளிரூட்டிய அறையில் ஒரு மேலாளர் தண்ணீர் கொடுத்தார், வருத்தம் தெரிவித்தார். அந்த வார்டில் கட்டில்களைக் கடைசியாக எப்போது துடைத்தார்கள், துடைப்பதைக் குறைக்கச் சொன்னது யார், அதே கிருமி வேறு எத்தனை பேருக்கு வந்தது என்று கேட்டேன். "ஆன்ட்டி, ப்ளீஸ், மெதுவா" என்றார் அவர். அப்போதுதான் என் குரல் அறைக்கு வெளியே கேட்கும் அளவுக்கு உயர்ந்திருந்தது எனக்கே தெரிந்தது. ஆபீஸ் அறைகளில் தாழ்ந்த குரலில் பேசியே ஐம்பது வயதைக் கடந்தவள் நான். தாழ்த்தவில்லை. அதே கேள்விகளை இன்னும் உரக்கக் கேட்டேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து கதவருகே வந்தார்கள். அவர்களில் ஒரு பெண் மராத்தியில், தன் மாமியாருக்கும் இந்த வார்டில்தான் காய்ச்சல் வந்தது என்றாள்.

கோமதியிடமிருந்து எனக்கென்று வந்தது இந்தக் குரல். கூப்பிய கைகளை வாட்ஸ்அப்பில் அனுப்பிய நண்பர்களே, அவளுக்கு அஞ்சலி செலுத்த விரும்பினால் திங்கட்கிழமை எங்களோடு அந்த மருத்துவமனைக்கு வாருங்கள். அந்த மராத்திப் பெண்ணும் வருகிறாள். நான் கேட்ட கேள்விகளுக்கு மருத்துவமனை இன்னும் பதில் சொல்லவில்லை.