நீலச் சாரம்

சண்டையால் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பிளாஸ்டிக் தறப்பாள் கொட்டிலுக்குள் வளர்ந்தவள் நான். பகலில் உள்ளே இருக்க முடியாது; தறப்பாள் கொதித்து மணக்கும். அதனாலோ என்னவோ, சித்திரம் படிப்பிக்கத் தொடங்கிய பிறகு, துணியால் ஒரு கூடாரம் தைக்க வேண்டுமென்ற ஆசை விடவில்லை. போன வருஷம் தைத்தேன். தெரிந்த பெண்கள் பழைய சீலை, ஆண்கள் இடுப்பில் உடுக்கும் சாரம், படுக்கை விரிப்பு எல்லாம் தந்தார்கள். கொக்குவிலில் எங்கள் வளவு மாமரத்தின் கீழ் கட்டினேன். யாரும் வரலாம், கதையாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகலாம்.

கொடிகாமத்திலிருந்து ஒரு அக்கா அடிக்கடி வருவா. சண்டையில் காணாமல் போன மூத்த மகனின் நீலச் சாரத்தைத் தந்தவ. அதைத் தைத்திருந்த பக்கமாகவே போய் இருப்பா.

ஒரு பின்னேரம் அவ உள்ளே இருக்கும்போது, சிவில் உடுப்பில் இரண்டு பேர் படலையைத் திறந்து வந்தார்கள். யாரென்று சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை; புலனாய்வுக்காரரைப் பார்த்தாலே தெரியும்.

“உது என்ன?” என்றார் ஒருவர்.

“துணிக் கூடாரம். சித்திர வேலை.”

“உள்ளுக்கு என்ன செய்யிறீங்கள்?”

“சும்மா இருக்கிறம்.”

“சும்மா இருக்க வீட்டில இடமில்லையோ?”

மற்றவர் திரையை விலக்கி ஒரு காலை உள்ளே வைத்தார்.

“சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ, தம்பி,” என்றா அக்கா.

அவர் கழற்றவில்லை. நின்றபடியே போனில் நாலு பக்கமும் படமெடுத்தார். “துணியெல்லாம் ஆர் தந்தது?”

“அக்கம்பக்கத்து ஆக்கள்,” என்றேன். அக்காவின் பக்கம் பார்க்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

“திரும்பி வருவம்” என்றுவிட்டுப் போனார்கள்.

மோட்டார் சைக்கிள் சத்தம் அடங்கியதும் அக்கா கையை நீட்டினா. “கத்திரிக்கோலைத் தா, பிள்ளை.”

“ஏன் அக்கா?”

“சாரம் படத்தில விழுந்திட்டுது. திரும்பி வந்து ஆற்றையெண்டு கேப்பாங்கள். வீட்டில இளையவன் இருக்கிறான்.”

எனக்குக் கொடுக்க மனமில்லை. அவவே பெட்டியிலிருந்து எடுத்து, துணியில் படாமல் தையலை மட்டும் வெட்டினா. சாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டா. எனக்குக் கோபம் வந்தது. பிறகு அப்படிக் கோபப்பட்டதே வெட்கமாயிருந்தது.

இனி வரமாட்டா என்றுதான் நினைத்தேன். அடுத்த கிழமையே வந்து பழைய இடத்தில் இருந்தா.

“இந்த ஓட்டையில வேறை சீலை தைக்கட்டோ?” என்று கேட்டேன்.

“வேண்டாம். காத்து வரட்டும்.”

அந்த இரண்டு பேரும் பிறகு வரவேயில்லை. ஆனாலும் கூடாரத்தைக் கழற்றும் வரைக்கும் ஒரு நாள்கூட என்னால் அதற்குள் அமைதியாக இருக்க முடியவில்லை.