பீடியைத் தருவேன், கவட்டையைத் தர மாட்டேன்

சாத்தூரிலிருந்து வெம்பக்கோட்டை போகும் வழியில் உள்ள ஒரு பட்டாசுக் கம்பெனி வாசலில், பாண்டிமீனாவுக்கு ஒன்பது வருடமாக ஒரே வேலை. உள்ளே போகிறவர்கள் பையைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். பீடி, தீப்பெட்டி, செல்போன், இரும்புச் சாமான் எது இருந்தாலும் வாங்கி வைத்துக்கொண்டு, சாயங்காலம் திருப்பிக் கொடுப்பார்.

வாசல் புளியமரத்தில் கொக்குகள் கூடு கட்டியிருந்தன. மருந்து கலக்கும் பாலகுரு சாப்பாட்டு நேரத்தில் கவட்டையில் கல்லை வைத்து, ரப்பரை இழுத்து அவற்றை அடிப்பார். சிறகொடிந்த ஒன்று பாண்டிமீனாவின் ஸ்டூலுக்கு அருகில் விழுந்து, சாவதற்குச் சாயங்காலம்வரை எடுத்துக்கொண்டது. அடிக்காதே என்று அவர் பலமுறை சொன்னார். பாலகுரு சிரித்தார்.

ஒருநாள் பாலகுருவின் பையிலிருந்து சைக்கிள் பேரிங்கின் இரும்புக் குண்டுகள் ஏழு விழுந்தன. மருந்து அறையில் இரும்பு உரசிப் பொறி பறந்தால் அறையே இருக்காது. பாண்டிமீனா குண்டுகளோடு கவட்டையையும் வாங்கி வைத்தார், இரும்பைக் காரணம் காட்டி. உள்ளுக்குள் மகிழ்ச்சிதான். சாயங்காலம் கவட்டையைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று.

மறுநாள் பாலகுரு காயவைத்த களிமண் உருண்டைகளோடு வந்தார்.

"இது மண்ணு, அது கட்டை. எந்த ரூலுல பிடிப்பீக மதினி?"

வரிசை சிரித்தது. கொக்குக்காகச் சொல்ல வேண்டியதை இரும்பின் பெயரில் சொன்னால் ஒருநாள்தான் தாங்கும் என்பது பாண்டிமீனாவுக்கு அப்போது புரிந்தது.

"ரூலு இல்லப்பா. நேத்து இரும்பைச் சொல்லித் தப்பிச்சேன். இன்னைக்கு நேராவே சொல்லுதேன். கொக்கை அடிக்க விடமாட்டேன்."

கவட்டையைத் தராமல் உள்ளே போக மாட்டேன் என்று பாலகுரு போர்மேன் சண்முகவேலைக் கூட்டிவந்தார். கலவை நின்றால் நாற்பது பேர் கை கட்டி உட்கார வேண்டும், ஆர்டர் தலைக்கு மேல் இருக்கிறது, கொடுத்துவிடு என்றார் போர்மேன்.

"அவரு தாராளமா உள்ள போகட்டும் சார். சாயங்காலம் பீடியைத் தருவேன், கவட்டையைத் தர மாட்டேன். வேண்டாம்னா இந்த ஸ்டூலுல வேற ஆளை உக்கார வைங்க."

வேகாத வெயிலில் அந்த ஸ்டூலுக்கு வேறு ஆள் கிடைக்காது என்பது போர்மேனுக்குத் தெரியும். பாலகுருவை மருந்து கலக்கப் போகச் சொன்னார்.

பாலகுரு விடவில்லை. புதிதாக ஒன்று செய்து கொண்டுவந்தார், பிறகு இன்னொன்று. பொங்கலுக்குள், பாண்டிமீனா சாமான்களை வாங்கி வைக்கும் பெட்டியில் ஐந்து கவட்டைகள் சேர்ந்தன. அதன்பின் ஒருநாள் பாலகுரு தானாகவே பையைக் கவிழ்த்தார். பீடியும் தீப்பெட்டியும் மட்டுமே விழுந்தன.

பாலகுரு மனம் மாறிவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. சலித்துப்போயிருக்கலாம். பாண்டிமீனா செய்ததையும் பெரிய அறம் என்று சொல்ல மாட்டேன். சொன்ன சொல்லில் நின்றார், அவ்வளவுதான். அந்த வருடம் குஞ்சுகள் பெருகி எச்சம் தலையில் விழ ஆரம்பித்ததும், ஸ்டூலை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.