பூட்டுப் போட்ட கிணறு: சித்தியவான் தோட்டத்துக்கு ஒரு பயணம்

மாசி மாதம், வெள்ளிக்கிழமை. காலை ஐந்தரை மணிக்கு ஈப்போ பாசாரில் வாடகைக் கார் ஏறினேன். சித்தியவானுக்கு ஆளுக்கு ஒன்றரை வெள்ளி. தூரம் ஏறக்குறைய ஐம்பது மைல். ஐந்து பேர் உட்காரும் வண்டியில் எட்டுப் பேர். என் மடியில் யாருடைய கோழிக்கூடையோ இருந்தது.

நான் கொத்தனார். கிணற்றுக்குச் சிமெண்டு வளையம், கக்கூசுக்குச் சிமெண்டுப் பலகை வார்ப்பது வேலை. ஆறு மாதம் முன்பு சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கிணறு கட்டினேன். வெளிநாட்டு டாக்டர்மார் கொடுத்த வரைபடம். கிணற்று வாய் முழுவதும் சிமெண்டு மூடி. மேலே இரும்புப் பம்பு, அதற்கு ஒரு கைப்பிடி. வாளியோடுதான் அழுக்கும் வயிற்றுக்கடுப்பும் கிணற்றுக்குள் இறங்குகிறது என்றார்கள். நியாயமான பேச்சு. அந்த டாக்டர்மார் இப்போது பார்க்க வருகிறார்கள், கட்டினவனும் நிற்க வேண்டும் என்று சேதி வந்திருந்தது.

டிரைவர் கேட்டார்: "எங்கண்ணே, வேலையா?"

"கிணறு பாக்க."

"கிணறு பாக்க அம்பது மைலா? ஈப்போவுல கிணறே இல்லையாலா?"

வண்டியில் எல்லாரும் சிரித்தார்கள்.

"வெள்ளைக்காரன் அதைப் பாக்கக் கப்பலேறி வந்திருக்கான். எனக்கு அம்பது மைல்தான்" என்றேன்.

பூசிங் தாண்டும்வரை ஈயம் தோண்டும் லம்பத்து வெள்ளை மணல். பிறகு ரப்பர். எட்டு மணிக்கு ஆற்றங்கரை. பாலம் இல்லை. காரைத் தெப்பத்தில் ஏற்றிக் கடந்தோம். ஒன்பதரைக்குத் தோட்டத்து வாசலில் இறங்கி, ஒரு மைல் நடந்தேன்.

இரண்டு வரிசை வீடுகள். ஒன்று மேட்டு லயம். மற்றது பள்ளத்து லயம். பேரே சொல்லிவிடும், எந்தச் சாதி எங்கே என்று. நடுவில் என் கிணறு. சிமெண்டு ஒரு கீறல் இல்லை. கைப்பிடியில் சங்கிலி சுற்றிப் பூட்டுப் போட்டிருந்தது. பம்பு வாயில் சிலந்தி கூடு கட்டியிருந்தது.

தோட்டத்து ஆபீசுக் கிராணியார் கணக்குப் புத்தகத்தோடு நின்றார். "என்னங்க பூட்டு?" என்றேன்.

"கங்காணியைக் கேளு."

ஆட்களை வேலை வாங்கும் கங்காணி மேட்டு லயத்துக்காரர். வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார். "பழைய கிணத்துல அவனவன் வாளி, அவனவன் கயிறு. சண்டை இல்ல. நீ வந்து ஒத்தக் கைப்பிடி வெச்சிட்டுப் போயிட்ட. அவனுங்க புடிச்சதை நாங்க புடிக்கணுமா? மொத நாளே மண்டை ஒடஞ்சிச்சு. தோட்டத்துத் துரைதான் பூட்டச் சொன்னாரு. சண்டை நடந்தா ரப்பர்ப் பால் வெட்டு கெடுதாம்."

பழைய கிணற்றைத் தூர்த்ததும் நான்தான். டாக்டர்மார் உத்தரவு. கைப்பிடியை இரண்டாக வை என்று வரைபடத்தில் இல்லை. எங்கள் ஆட்களைத் தெரிந்த எனக்கும் தோன்றவில்லை.

"அப்ப குடிக்கிறதுக்கு?"

கங்காணி கையைக் காட்டினார். ரப்பர் ஸ்டோருக்குக் கீழே ஓடை. ரப்பர் ஷீட்டைக் கழுவின தண்ணீர் அதில்தான் விழுகிறது. பத்தடியிலேயே புளித்த நாற்றம். மேல் கரையில் மேட்டு லயம் மொள்ளுகிறது. கீழ்க் கரையில் பள்ளத்து லயம். ஓடைக்குக் கைப்பிடி இல்லை. அதனால் சண்டையும் இல்லை.

கரையில் ஒரு பெண் குடத்து வாயில் துணி கட்டி வடித்துக்கொண்டிருந்தாள். லட்சுமி என்று பேர். கங்காணியின் மகள். அவள் குழந்தைக்கு மூன்று நாளாக வயிற்றுக்கடுப்பு, இரத்தமாய்ப் போகிறது என்றாள்.

"காய்ச்சிக் குடும்மா."

"காய்ச்சினாலும் நாத்தம் போவல அண்ணே. வாயில வெச்சா துப்புது. ஒரு சொட்டு எறங்கல."

"சாவி ஒங்க அப்பாகிட்டதானே?"

"கேட்டேன். பேத்தியா மானமான்னு என்னையே திருப்பிக் கேக்காரு."

பதினொரு மணிக்குத் துரையின் கார் வந்தது. மூன்று டாக்டர்மார். ஒருவர் இங்கிலீஷ்காரர், ஒருவர் ஜெர்மன்காரர், ஒருவர் ஜாவாவில் வேலை பார்க்கும் டச்சுக்காரர். போன யுத்தத்தில் முதல் இரண்டு பேருடைய ஊரார் ஒருவரையொருவர் சுட்டார்கள். இப்போது ஒரே காரில் வந்து இறங்கினார்கள்.

அதற்குள் கிராணியார் கங்காணியிடம் சாவி வாங்கி, சங்கிலியையும் பூட்டையும் அவிழ்த்து ஒரு சாக்குக்கு அடியில் தள்ளிவிட்டார். கைப்பிடிக்கு எண்ணெய் பூசியாகிவிட்டது. ஜெர்மன்காரர் பம்பு அடித்தார். மூன்று பேரும் ஒரே தம்ளரில் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். கங்காணி கை கட்டிக்கொண்டு சிரித்தார்.

டச்சுக்காரர் நம்மைவிட நன்றாக மலாய் பேசினார். "இந்தத் தண்ணீரை யார் குடிக்கிறார்கள்?"

"எல்லாரும், துவான்" என்றார் கிராணியார்.

இதே மாதிரிக் கிணறு பக்கத்துத் தோட்டங்களிலும் கட்ட எனக்குச் சொல்லியிருந்தார்கள். அது நினைவில் வந்தது. ஓடைக்கரையில் லட்சுமி குடத்தோடு நின்றாள். அதுவும் கண்ணில் பட்டது.

"ஒருத்தரும் இல்லை துவான். பூட்டியே கிடக்கு. எல்லாரும் அந்த ஓடையில்" என்றேன். சாக்கைக் காலால் தள்ளிச் சங்கிலியைக் காட்டினேன்.

ஏன் என்று டச்சுக்காரர் கேட்டார். ஒரு சாதி தொட்ட கைப்பிடியை மற்றச் சாதி தொடாது என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். அவர் மற்ற இருவருக்கும் சொன்னார். ஜெர்மன்காரர் கையிலிருந்த தம்ளரைப் பார்த்தார். துரையின் முகம் சிவந்துவிட்டது. டச்சுக்காரர் குனிந்து சங்கிலியையும் பூட்டையும் எடுத்துக் காரில் போட்டுக்கொண்டார். அரைமணி நேரத்தில் கார் போய்விட்டது.

முதலில் பள்ளத்து லயத்துப் பெண்கள் வந்தார்கள். பம்பு அடித்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். மேட்டு லயம் வாசலில் நின்று பார்த்தது. பிறகு லட்சுமி பித்தளைக் குடத்தோடு இறங்கி வந்தாள்.

"அதைத் தொட்டா, வீட்டுக்குள்ள காலெடுத்து வெக்காத" என்றார் கங்காணி.

அவள் கைப்பிடியைப் பிடித்தாள். பள்ளத்து லயத்துக் கை ஈரம் அதில் இன்னும் காயவில்லை. பாதிக் குடம் நிறைந்தது. கங்காணி வந்து குடத்தை உதைத்தார். குடம் உருண்டு என் காலடியில் வந்து நின்றது.

நான் குனிவதற்குள் அவளே எடுத்துப் பம்புக்கு அடியில் வைத்தாள்.

"ஒதைங்கப்பா. நான் அடிச்சிக்கிட்டே இருப்பேன். புள்ளைக்குத் தண்ணி வேணும்."

அவர் காலைத் தூக்கவில்லை. அவள் நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். வீட்டுக்குள்ளேயே போனாள். கங்காணி வழி மறிக்கவில்லை. வேறு யாரும் மேட்டிலிருந்து இறங்கவில்லை.

நான் கிளம்பும்போது கிராணியார் சொன்னார்: "ஒனக்கு இனிமே இந்தப் பக்கம் எந்தத் தோட்டத்துலயும் வேலை இல்ல, தெரிஞ்சிக்க."

"சரி" என்றேன்.

மாலை ஏழு மணிக்கு ஈப்போ. எங்கள் தெருக்குழாயில் சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். யார் பிடித்த குழாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் இடம் போய்விடும்.

மூன்று தேசத்தார் கடல் தாண்டி வந்து நல்ல தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்கள். அவர்கள் ஒரு தம்ளரில் குடித்ததைக் கங்காணி நேரில் பார்த்தார். பார்த்த பிறகும் உதைத்தார். ரப்பர் கெடும் என்றதும் துரை பூட்டினார். பிள்ளை கெடும் என்று யாரும் திறக்கவில்லை. பூட்டை டாக்டர் காரில் கொண்டுபோய்விட்டார். சித்தியவான் கடையில் வேறு பூட்டு விற்கிறது.

லட்சுமியின் குழந்தை எப்படி இருக்கிறது என்று ஆள் விட்டுக் கேட்டிருக்கிறேன். இதை எழுதும்வரை பதில் இல்லை.