பொட்டு வைத்த முனை

திண்டுக்கல் ஜங்ஷனில் ரயிலைத் தவறவிடுகிறவர்கள் எல்லாரும் தாமதமாக வருகிறவர்கள். பொன்னழகு மட்டும் சீக்கிரமே வந்து தவறவிடுவார். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கிற கொக்கியைக் குனிந்து பார்த்தபடி நிற்பார். "இம்புட்டுப் பாரத்தையும் இந்த ஒத்தை இரும்பா இழுக்குது?" என்று அவர் வாயைப் பிளந்திருக்கையிலேயே அந்த இரும்பு நகர்ந்து போய்விடும். ஒருமுறை அவர் மனைவி நாகஜோதி தனியாகவே மதுரைக்குப் போய், கல்யாணத்தில் இருவர் பெயரிலும் மொய் எழுதிவிட்டு, சாப்பாடும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார். கொக்கி எப்படி இருந்தது என்று அப்போதுதான் விசாரித்தார்.

நாகல் நகரில் பொன்னழகுக்கு ஒரு பட்டறை. ஒரு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், கல்லாவில் நாகஜோதி. மோட்டார் ஷாஃப்ட் கடைவது, மசாலா கிரைண்டருக்குப் புஷ் அடிப்பது என்று காலம் ஓடியது. பிறகு ஊர்க்காரர்கள் பழுதானதைச் சரிபார்ப்பதை விட்டுவிட்டுப் புதுசு வாங்கக் கற்றுக்கொண்டார்கள். பட்டறையில் வேலை சுருங்கியது. பக்கத்துப் பிரியாணிக் கடைக்காரர் தினமும் வாசலில் வந்து நின்று, "ஏசி ஹாலுக்குத் தோதான இடம்ணே" என்று சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆளுக்கு முன்னால் சீரகச் சம்பா வாசம் வந்து இடத்தை அளந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் வேடசந்தூர் பக்கத்து நூல்மில் ஒன்றில் மிஷின்களைக் கவனிக்கிற சேவியர் வந்தார்.

"ஒரு மில்லிங் மிஷின் போடுங்கண்ணே. ஆயுத பூஜைக்குள்ள ஒரு கியர் வெட்டிக் காட்டுங்க. சத்தமில்லாம ஓடுச்சுன்னா எங்க மில் கியர் பூராவும் உங்களுக்கு. இல்லேன்னா வழக்கம்போல கோயம்புத்தூருக்கே அனுப்பிக்கிறோம்."

கியர் ஓடினால் பட்டறை. ஓடாவிட்டால் ஏசி ஹால்.

புருஷனும் பெண்டாட்டியும் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினார்கள், ரயிலை நாகஜோதி நம்பவில்லை. ஷோரூம் வாசலில் பொன்னழகு செருப்பைக் கழற்றிவிட்டார். "வேணாம் சார்" என்று விற்பனைக்காரப் பையன் பதறினான். உள்ளே, மாப்பிள்ளை வெள்ளையில் புது மிஷின் நின்றது. பொன்னழகு ஒற்றை விரலால் கைப்பிடியைச் சுற்றினார். வெட்ட வேண்டிய இரும்பைத் தாங்கும் மேசை, தண்ணீரில் எண்ணெய் பரவுவதுபோல நழுவியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நாகஜோதிக்குக் கால் வலித்ததால் மிஷின் மேல் லேசாகச் சாய்ந்தார். மிஷின் ஆடியது.

"ஏங்க, நான் சும்மாதான் சாஞ்சேன்!"

"இது லைட் மாடல் மேடம். ஹெவி வேணும்னா அங்க இருக்கு."

ஹெவியின் விலையைக் கேட்டதும் இருவரும் சுடுசட்டியைத் தொட்டதுபோல ஒரே நேரத்தில் பின்வாங்கினார்கள். பொன்னழகு செருப்பை மாட்டிக்கொண்டு வெள்ளை மிஷினை இன்னொரு முறை திரும்பிப் பார்த்தார். நாகஜோதி முழங்கையால் இடித்தார்.

மிச்சமிருந்தது பேகம்பூர் அக்மல். பழைய மிஷின் வாங்கி விற்கிறவர். எதை வாங்கினாலும் முதலில் பச்சைப் பெயின்ட் அடித்துவிடுவார். அவருடைய குடோனுக்குள் யானைக் கொட்டிலில் நுழைவதுபோலத்தான் நுழைய வேண்டும். அங்கே நின்றது அந்த மிஷின். எந்தப் பனி நாட்டிலோ வார்த்தது. தகட்டில் இருந்த எழுத்து யாருக்கும் படிக்கத் தெரியாதது. பொன்னழகு தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். மலைக்கோட்டையைத் தள்ளியிருந்தாலும் அதே பலன்தான்.

மேசையின் அடியில், அது சறுக்கிப் போகிற பாதையின் இரு முனைகளிலும் சந்தனமும் குங்குமமும் வருஷக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, கல்லாக இறுகிப்போயிருந்தன. அங்கே மட்டும் அக்மலே பெயின்ட் அடிக்காமல் விட்டிருந்தார். "சாமி சமாச்சாரம்ணே. நமக்கு எதுக்கு வம்பு?"

பொன்னழகு கைப்பிடியைச் சுற்றினார். நடுவில் இதமாக ஓடிய மேசை ஓரத்துக்குப் போனதும் இறுகி நின்றது.

"ஓரத்துல பிடிக்குதே பாய்?"

"நீங்க ஓரத்துலயாண்ணே வேலை செய்யப்போறீங்க?"

இங்கேதான், மயிரிழை மேடுபள்ளத்தையும் முள் அசைந்து காட்டுகிற டயலை வைத்துத் தேய்மானம் பார்த்திருக்க வேண்டும். பொன்னழகு பொட்டைப் பார்த்தார். இத்தனை ஆயுத பூஜை கண்ட மிஷினை எவன் சீரழித்திருப்பான் என்று அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். டயல் பெட்டி அவர் பையிலேயே பத்திரமாக இருந்தது.

லாரியில் வந்து இறங்கிய மிஷினில் முதல் கியரை வெட்டினார். பல்லெல்லாம் கோணல். இரண்டாவதைச் சுழலவிட்டபோது அது ஊளையிட்டது. பிறகுதான் டயலை வைத்தார். பாதையின் நடுப்பகுதி தேய்ந்து, மேசை அங்கே லொடலொடத்துக் கிடந்தது. பழைய முதலாளி வருஷம் தவறாமல் பொட்டு வைத்திருக்கிறார். எண்ணெய் வைக்கத்தான் மறந்திருக்கிறார். தேய்மானத்தை மறைக்க, மேசையைப் பாதையோடு சேர்த்துப் பிடிக்கிற இரும்பு ஆப்பை அக்மல் இறுக்கிவிட்டிருந்தார்.

"நெத்தியைப் பாத்து மிஷின் வாங்குன ஆளு திண்டுக்கல்லயே நீங்க ஒருத்தர்தான்," என்றார் நாகஜோதி. "அந்த ஏசி ஹால்ல நமக்காச்சும் ஓசிச் சாப்பாடு கேளுங்க."

ஆயுத பூஜை நெருங்கிவிட்டது. பிரியாணிக் கடைக்காரர் அளவு டேப்போடு வந்து போனார். பொன்னழகுக்கு வந்த கோபத்தைச் சாமி மேல் காட்ட முடியாது. சந்தனத்தின் மேல் காட்டினார். மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து, "மன்னிச்சுக்க சாமி" என்று சொல்லிக்கொண்டே வலது முனைப் பொட்டை ஊறவைத்துத் தேய்த்தார். சந்தனம் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. அடியில் பழைய கிரீஸ். அதற்கும் அடியில்...

"ஜோதி! இங்க வா... ஓடியா!"

கருப்புக்கு அடியிலிருந்து வெள்ளிபோல இரும்பு மின்னியது. அதன்மேல் வரிசை வரிசையாகப் பிறைகள், நகக்கண் அளவில். மிஷினால் போட்டதல்ல. யாரோ ஒருவர் உளியைப் பிடித்துக்கொண்டு, முடியின் கனத்தில் பாதிகூட இல்லாத அளவுக்கு ஒவ்வொரு மேட்டையும் சுரண்டிச் சுரண்டிச் சமன் செய்த தடம். எண்ணெய் தங்குவதற்கென்றே விட்ட பள்ளங்கள். எந்த ஊர்க்காரரோ, பனியில் விரல் விறைத்திருக்குமோ என்னவோ, அந்தக் கை நேற்றுத்தான் வேலை முடித்து எழுந்து போனதுபோல இருந்தது.

பொன்னழகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. அந்தப் பழைய பட்டறையில் எவனும் சாமி பொட்டின் மேல் மேசையை ஓட்டத் துணியவில்லை. எல்லாரும் வேலையை நடுவிலேயே வைத்து நடுவையே தேய்த்துத் தின்றிருக்கிறார்கள். அங்கிருந்தவர்களின் பயம் இந்த முனைகளை அந்த மனிதர் விட்டுப்போன நாளிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது.

"செத்த நேரம் வாயை மூடுங்க, ஈ போயிரும்," என்றார் நாகஜோதி. ஆனால் அவர் குரலும் இறங்கியிருந்தது. சுண்டுவிரலால் ஒரு பிறையைத் தொட்டுப் பார்த்து, சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

பொன்னழகு ஆப்பைத் தளர்த்தினார். மேசையை ஒரேயடியாகத் தள்ளி வலது முனையைப் பல் வெட்டுகிற கட்டருக்குக் கீழே கொண்டுவந்தார். ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்ற கைப்பிடி இப்போது ஒற்றை விரலுக்கு நகர்ந்தது, ஷோரூம் வெள்ளையைப்போல. அந்த நழுவலுக்குப் பின்னால் மட்டும் ஆடாத மலைக்கோட்டையின் கனம் இருந்தது. கியரை அங்கே பிடித்து, ஒவ்வொரு பல்லாக வெட்டினார்.

சேவியர் அதை மில்லில் மாட்டி, சுவிட்சைப் போட்டுவிட்டு, "என்னண்ணே, ஓடலையே?" என்றார். பிறகு குனிந்து பார்த்தார். ஓடிக்கொண்டிருந்தது. சேவியர் அந்த இடத்திலேயே கை கொடுத்தார். பொன்னழகு அதைக் கவனிக்கவில்லை. நூல் இழுக்கிற மிஷினுக்கு அடியில் எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆயுத பூஜையன்று பட்டறை வாசலில் வாழைக்கன்று. பிரியாணிக் கடைக்காரர் பொரிகடலை வாங்கிக்கொண்டு, சுவரைத் தட்டாமல் போனார். பொன்னழகு மிஷின் முழுக்க எண்ணெய் விட்டார், நடுவில் இரண்டு மடங்கு. வலது முனையில் பொட்டு வைக்கவில்லை. அது இனி வேலை செய்கிற முனை. இடது முனைக்குப் போய்ப் பழைய பாளத்தைத் தொடாமல், விளிம்பைச் சுற்றிக் கிரீஸைத் தடிமனாக அப்பினார்.

"சாமிக்குக் கிரீஸா?" என்றார் நாகஜோதி, சந்தனக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே.

"சாமிக்குச் சந்தனம். கிரீஸ் அந்தாளு கைக்கு."

"எந்த ஆளு?"

பொன்னழகு சந்தனத்தைக் குழைத்து, பாளத்தின்மேல் இந்த வருஷத்துக்கான பொட்டை வைத்தார்.

"வலது தேஞ்சா இதைத் திறப்போம்," என்றார். "அதுவரைக்கும் இது மேல மேசையை ஓட்டுனா சாமி குத்தம்னு எல்லார்ட்டயும் சொல்லி வையி."