சிவப்புப் பட்டை

மணிவண்ணனின் வலது கை மவுஸை நகர்த்துகிறது. இடது கை மேசை விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது, உறுமி மேளத்தின் தோலில் வளைந்த குச்சியைத் தேய்ப்பதுபோல. திரையில் ஒரு மனிதரின் முகம் இன்னும் கொஞ்சம் கறுக்கிறது.

"ஏனுங்க, இன்னும் கருக்குனா அந்தண்ணன அடுப்புல இருந்து எடுத்தாப்புல இருக்கும்," என்கிறார் லேமினேஷன் மெஷின் அருகே நிற்கும் மனைவி சுகுணா.

மணிவண்ணன் சிரிக்கவில்லை. மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே அவர் கடை. காதுகுத்துப் பத்திரிகை, மிளகுப் பைக்கு லேபிள், கட்சிக்காரர்களுக்கு பிளெக்ஸ், எல்லாம் பார்த்துப் பார்த்தே பழகிய வேலை. கம்ப்யூட்டரில் இருக்கும் எழுத்து எதுவும் அவருக்குப் பிடிக்காது. தலைப்பைக் காகிதத்தில் கையால் எழுதித்தான் ஏற்றுவார். அவசரப்படுத்துகிறவர்களிடம், "எழுத்துக்கு மூச்சு வுடோணுமுங்க" என்பார்.

இப்போது கையில் இருப்பது, மலையிலும் அடிவாரத்திலும் உள்ள மேளக்காரர்களுக்காக வரும் 'உறுமிக்குரல்' இதழின் அட்டை. படத்தில் இருப்பவர் மலையின் ஆலத்தூர் நாடு பகுதியைச் சேர்ந்த தனபால். இருவரும் ஒரே மேள செட்டில் வாசித்தவர்கள். திருப்புலி நாட்டு நோம்பித் திருவிழா ஒன்றில், மணிவண்ணன் உறுமியை மாட்டிக்கொண்டு நிற்கும்போதே ஊர்ப் பெரியவர் சொன்னார்: "தனபாலு வரட்டும் சாமி, அப்பறம் ஆரம்பிக்கலாம்." அன்றைக்குக் கழற்றியதுதான், பிறகு உறுமியைத் தொடவே இல்லை.

முதலில் அவர் போட்ட அட்டையில் அருவி, மேகம், ஓரத்தில் கடுகுபோலத் தனபால். இதழ் நடத்தும் பூங்குழலி அதைப் போனில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"இது டூர் வாரவங்களுக்குங்கண்ணா. நம்ம மேளக்காரரு டீக்கடையில தூரத்துல இருந்து பாத்தாலே எந்திரிச்சு வந்து எடுக்கோணும். நாளைக்கு நேர்ல வாரேன். அப்பவும் சரிப்படலீன்னா நாமக்கல்லுல வேற கடையில குடுத்துக்கறேன், கோவிச்சுக்காதீங்க."

அருவி போனது. தனபால் அட்டை முழுக்க வந்தார். ஆனால் குச்சி பிடித்த அவருடைய இடது கையை மறைத்துக்கொண்டு ஒரு சிவப்புப் பட்டை குறுக்கே ஓடியது. அதன்மேல் கட்டுரைத் தலைப்பு.

"கையி எங்கீங்க?" என்றார் சுகுணா.

"தலைப்பு வேற எங்க நிக்கும்?"

"நல்லா நின்னுச்சு போங்க. ஒரு மேளக்காரரு போட்டோ கெடச்சா நீங்க மொதல்ல எதப் பாப்பீங்க?"

அவர் பார்ப்பது கையைத்தான். முகம் யாருக்கும் அமையும். அந்தக் குச்சி தோலில் சாய்ந்து நிற்கிற சாய்வு அமையாது. மணிவண்ணன் அழுத்தினால் கீச்சிடும், தளர்த்தினால் ஊமையாகிவிடும். தனபால் தேய்த்தால் கேட்பவர் அடிவயிற்றில் உறுமும். வாசிக்கத் தெரிந்தவன் அந்தக் கையைப் பார்த்தால் போதும், சத்தமே கேட்டுவிடும். மணிவண்ணனுக்குப் படம் வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

மறுநாள் மலை வளைவில் பூங்குழலி வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. "அவனுக்குன்னு வாச்சுது பாரு கையி," என்று பல்லைக் கடித்தபடி பட்டையை அழித்தார். தலைப்பைச் சிறிதாக்கிக் கீழே இறக்கினார். முகத்தின் கறுப்பை எடுத்தார். பிறகு, யாரும் கேட்காமலே, அந்த இடது கைமேல் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் கூட்டினார். பிரிண்டரிலிருந்து தாள் சூடாக வந்தது.

"முடிஞ்சுதுங்களாண்ணா?" படியேறி வந்த பூங்குழலி கையை நீட்டினார்.

மணிவண்ணன் தாளைக் கொடுத்தார். அவருடைய பெருவிரல் தனபாலின் இடது கையை மூடியிருந்தது. பூங்குழலி மெல்ல இழுத்தார். தாள் வரவில்லை. இன்னொரு முறை இழுத்த பிறகுதான் விரல் விலகியது.