அறிக்கையில் பெயர் இருக்கிறதா?

கீழ்வேளூரில் நான் கிளை நூலகராக இருந்தபோது சுற்றுப்பட்டில் ஊருக்கு ஊர் வயல் தகராறு. கூலி உயர்வு கேட்டு ஆட்கள் வேலைக்கு இறங்காமல் வரப்பில் நிற்பார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்குவார்கள். பின்னாலேயே போலீஸ் வண்டி வரும். புதிதாக வந்திருந்த அரசு ஒரு குழுவை அமைத்து, விவசாயக் கூலிகள் குடியிருக்கும் மனைகளைப் பற்றியும் விவசாயத்தின் மற்றப் பிரச்சினைகளைப் பற்றியும் விசாரிக்கச் சொன்னது. குடிசை அவர்கள் கட்டியது, மனை மிராசுதாருடையது. வயலில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டால் குடிசையையும் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

குழு வந்து போய் வெகுநாள் கழித்து அதன் அறிக்கை தபாலில் எங்கள் நூலகத்துக்கு வந்தது. கனமான புத்தகம், முழுக்க ஆங்கிலம். பேப்பர் படிக்க வருகிறவர்கள் யாரும் அதைத் தொடக்கூட இல்லை.

ஒருநாள் நடுவயதுப் பெண் ஒருவர் வாசலில் தயங்கி நின்றார். பக்கத்துக் கிராமத்தில் நடவுக்குப் போகிறவர். கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

“அம்மா, கமிட்டிக்காரங்ககிட்ட நாங்க சொன்னதெல்லாம் புஸ்தகமா வந்திருக்காமே. எம் பேரு இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.”

“இருந்தா நல்லதுதானே?”

“மிராசுதாரோட காரியஸ்தர் வந்து சொல்லிட்டுப் போனாரு. பொய் சாட்சி சொன்னவன்னு எம் பேரப் போட்டு அச்சடிச்சிருக்காங்களாம். எப்ப வேணா காலி பண்ணச் சொல்லலாமாம். வூட்ல யாருக்கும் சோறு எறங்கலம்மா.”

மறுநாள் வரச் சொன்னேன். எனக்குத் தெரிந்தது கல்லூரியில் படித்த ஆங்கிலம்தான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் போனேன். கடைசியில் அந்த இடம் அகப்பட்டது. அவர் வந்ததும் தமிழில் படித்தேன்.

‘வேலைக்கு வராவிட்டால் குடிசையைப் பிரி என்கிறார்கள். பிள்ளை பெற்றதும் பெரியவர்களைப் பறிகொடுத்ததும் இதே மனையில். நாங்கள் எங்கே போவோம் என்று ஒரு கிராமத்துப் பெண் கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது என்று குழு கருதுகிறது.’

“இதேதாம்மா நான் கேட்டது!” என்றார். பிறகு குரல் இறங்கியது. “பொய்யின்னு போடலியே?”

“நியாயம்னு போட்டிருக்காங்க. பேரே இல்ல.”

அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். “இன்னொருவாட்டி படிங்க.”

படித்தேன். கிளம்பும்போது, இதை எல்லாருக்கும் படித்துக் காட்ட முடியுமா என்று கேட்டார். எனக்குத் தயக்கம். வேலையில் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. எந்தப் பக்கத்துக்காரர் மொட்டைக் கடுதாசி போட்டாலும் வேலை போய்விடும். தஞ்சாவூருக்கு பஸ் ஏறி மேலதிகாரியைப் பார்த்தேன். அவர் புத்தகத்தைப் புரட்டி, பின்னட்டையைக் காட்டினார்.

“வெல போட்டு விக்கிற புஸ்தகம். இதுல என்னங்க ரகசியம்? தாராளமா படிங்க. ஆனா நீங்களா ஒரு வார்த்தை சேக்கக் கூடாது, ஒரு வார்த்தை விடவும் கூடாது.”

திரும்பி வரும் பஸ்ஸிலேயே அறிக்கையைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினேன்.

அறிக்கை தமிழில் வாசிக்கப்படும் என்று வாசலில் எழுதிப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வந்த கூட்டத்துக்கு உள்ளே இடம் போதாமல் கொல்லைப்புறத்தில் உட்கார வேண்டியதாயிற்று. அதுவரை நூலகப் படி ஏறாத கூலிக்காரர் தெருவினர் வந்திருந்தார்கள். கொஞ்சம் நிலம் வைத்திருந்தவர்கள் தனியாக ஒரு பக்கம் நின்றார்கள். காரியஸ்தரும் வந்து மதிலோரம் நின்றார். கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத கதையும் அறிக்கையில் இருந்தது. அதைப் படித்தபோது ஒரு சிறு விவசாயி, “நம்ம பாட்டையும் கேட்டு எழுதியிருக்காங்கய்யா” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். குடியிருப்பவர்களை வெளியேற்றக் கூடாது, மனையை அவர்களுக்கே கொடுக்க வேண்டும் என்ற இடம் வந்ததும் சத்தம் எழுந்தது.

“இது சட்டமாங்க?” என்று ஒருவர் கேட்டார்.

“இல்லீங்க. குழு சொல்ற யோசனை. கவர்மெண்டு ஏத்துக்கிட்டாத்தான் சட்டம்.”

அவர் முகம் வாடியது. இருந்தாலும் மேலே படிக்கச் சொன்னார்கள்.

எல்லாரும் போன பிறகு காரியஸ்தர் கிட்டே வந்தார். “எம் பேரு எங்கயாச்சும் வருதுங்களா?”

“மிராசுதாரின் ஆள்னு மட்டும் இருக்கு. யார் பேரும் இல்ல.”

அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். “சம்பளத்துக்கு நிக்கிறவன் நான். கேசுன்னு வந்தா என்னத்தான் புடிச்சுக் குடுப்பாங்கன்னு பயந்து கெடந்தேன்.”

“அந்தம்மா பேரு இருக்குன்னு சொன்னீங்களே?”

“எனக்கு ஏதுங்க இங்கிலீசு? யாரோ சொன்னாங்க, நானும் சொல்லிட்டேன்.”

“அத அவங்ககிட்டயே போய்ச் சொல்லிடுங்க.”

அவர் போய்ச் சொன்னார். முகத்தைப் பார்க்காமல் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே சொன்னாராம். அந்த அம்மாளே பிறகு வந்து, சிரித்துக்கொண்டு சொன்னார்.

சட்டமும் பட்டாவும் பின்னால் வந்தன. அதற்கெல்லாம் முன்பே, அந்த ஐப்பசி மழை பிடிப்பதற்குள், அவர் தன் கூரையைப் பிரித்துப் புதுக் கீற்று வேய்ந்தார். காலி பண்ணப்போகிற வீட்டுக்கு எதற்குக் கீற்று என்று அதுவரை வாங்காமலே இருந்தாராம். அந்த வழியாகப் போன என்னைப் பார்த்து, கீற்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் கையை உதறிக்கொண்டு வந்தார்.

“உள்ள வந்து காப்பி குடிச்சிட்டுப் போங்கம்மா.”

பாதிக் கூரை வேய்ந்த வீட்டுக்குள், பழுப்பும் பச்சையுமான கீற்றுகளின் வாசனையில் உட்கார்ந்து குடித்தேன்.